ஈசானிய மூலை மண்

தலை வாரிவிடும்போதுதான் கண்ணாத்தாள் அதைக் கண்டாள். மாசி மாதத்துச் சாய்வெயில் குடிசை வாசலில் மகளின் முகத்தின்மேல் நேரே விழுந்திருந்தது. சிக்கெடுப்பதற்காக மோவாயைப் பிடித்துத் திருப்பியபோது, அம்சத்தின் இடக் கண் கருமணிக்குள் வெளுப்பாக ஒன்று ஒளிர்ந்து அணைந்தது. மீண்டும் திருப்பினாள். மீண்டும் ஒளிர்ந்தது, குளத்தின் அடியில் கிடக்கும் சோழியை விலகும் நீர் ஒரு கணம் காட்டி மறைப்பதுபோல.

“அம்மாவப் பாருடி.”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

வலக் கண் தாயைப் பார்த்தது. இடக் கண், தாயின் தோளுக்கு அப்பால், அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்ற வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாத்தாள் சீப்பைக் கீழே வைத்தாள். எந்தத் துன்பத்துக்கும் செய்வதையே இதற்கும் செய்தாள். உள்ளே சென்று, வடகிழக்கு மூலையில் தண்ணீர்ப் பானைகளின் பின்னால் குனிந்து, ஈரம் கசிந்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி வந்தாள். மகளின் நெற்றியில் ஒரு கீற்று இட்டாள். மிச்சத்தை நாவில் வைத்தாள்.

“பைரவா, எம்புள்ள கண்ணு ஒம்பொறுப்பு.”

அம்சம் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். அவளுக்கு அது பழகிய சுவை.

அந்த மூலை அவர்களுக்குக் கோயிலான கதை முந்திய ஆண்டு நடவின்போது நிகழ்ந்தது. மாங்குளநல்லூரின் நன்செய்யில் பெரும்பகுதி வைத்தியலிங்கம் என்ற மிராசுதாருக்கு உரியது. அவருடைய நிலத்தில் உழைப்பவர்கள் அவருடைய மேட்டில் குடிசை போட்டுக்கொண்டு, அவர் போ என்றால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போவதே தலைமுறை வழக்கமாயிருந்தது. ஆட்சி மாறியது. ‘ஆண்டே’ என்று விளித்த நாக்குகள் ‘ஐயா’ என்று விளிக்கப் பழகின. தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடி ஏறியது. பிறகு, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. தாசில்தார் நேரில் வந்து பார்த்து, இன்னார் இங்கே குடியிருக்கிறார் என்று உறுதி செய்தால் பட்டா. வரும் நாளில் குடிசை இல்லையென்றால் பட்டாவும் இல்லை.

ஆகவே குடிசை இல்லாமற்செய்ய வைத்தியலிங்கத்தின் ஆட்கள் வந்தார்கள். தெரு முழுவதும் நடவு வயலில் இருந்த முற்பகல் வேளை அது. கண்ணாத்தாளின் கணவன் மருதையனின் குடிசையே தெருவின் தலைக்குடிசை. அதிலிருந்து தொடங்க நினைத்தார்கள். மருதையன் வளர்த்த செவலை நாய் அன்று விடியலில்தான் அந்த வடகிழக்கு மூலையின் குளிர்ச்சியில் குட்டி போட்டிருந்தது. மூங்கில் காலைப் பிடுங்கக் கைவைத்தவனின் கெண்டைக்காலைச் செவலை கவ்வியது. அடுத்தவனுக்குத் தொடை. குட்டிகளுக்கும் வாசலுக்கும் இடையே அது நின்ற நிலையைக் கண்டு மற்றவர்கள் நெருங்கவில்லை. கூச்சல் கேட்டு ஜனம் சேற்றுக்காலோடு ஓடிவந்தபோது வந்தவர்கள் வரப்பேறி மறைந்திருந்தார்கள். குடிசை நின்றது. அதன் பின்னே தெரு நின்றது.

ஊர்ச் சிவன் கோயிலில் பைரவர் நிற்பது வடகிழக்கு மூலையில். நாய் அவருடைய ஊர்தி. கோயிலுக்குக் காவல் அவர். கண்ணாத்தாள் நெடுங்காலம் மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டு, அண்மையில்தான் உள்ளே சென்று கண்குளிரக் கண்டவள். அவளுக்கு ஐயமே எழவில்லை. அம்மூலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அகல் ஏற்றினாள். தெருவும் வந்து கும்பிட்டது. குட்டிகளை ஆளுக்கொன்றாக வேண்டி வாங்கிச் சென்றது.

இடம்விட்டு இடம் துரத்தப்பட்ட அந்த ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய மனையில் கால்வைத்ததும், அம்மனையின் மண்ணில் ஒரு துளி எடுத்துப் பிள்ளையின் நாவில் வைப்பார்கள். மண் காட்டுவது என்பார்கள். மண் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளையை அந்த இடத்திலிருந்து எவராலும் பெயர்க்க முடியாது என்பது நம்பிக்கை. ஒரு பிள்ளைக்கு ஒரு முறை காட்டினால் போதும். கண்ணாத்தாளோ பட்டா வரும்வரை வெள்ளிதோறும் காட்டுவதாக நேர்ந்துகொண்டாள். குட்டிகள் பால்குடித்துப் புரண்டு கழிந்த மண் அது. கழிவை வழித்து எறிந்து, மேலே சாணி தெளித்து, அதையே கிள்ளி எடுத்தாள். மகன் ரெத்தினம் பிறந்து தலை நிற்காத பச்சைப்பிள்ளை அப்போது; அவனுக்குத் தவழும் பருவத்தில் தொடங்கலாம் என்று விட்டிருந்தாள்.

கண்ணில் வெளுப்பு வளர்ந்தது. பங்குனி பிறந்ததும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்கள்.

கண் மருத்துவர் அகிலாண்டம் நடுவயதினர். பேச்சில் அவசரம் இல்லாதவர். குழந்தையின் கண்ணுக்குள் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மருதையனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

“இந்த வயசுக் கொழந்தைக்குக் கண்ணுக்குள்ள இப்படி வெள்ளையாத் தெரிஞ்சா, நாங்க முதல்ல பயப்படறது கட்டிக்கு. கெட்ட கட்டி. நரம்பு வழியா மூளைக்கு ஏறிடும். அந்தக் கண்ணுல பார்வை ஏற்கெனவே இல்லப்பா. கண்ணை எடுத்துட்டா உசுரக் காப்பாத்தலாம்.”

“இன்னொரு கண்ணுங்க?”

“நல்லா இருக்கு.”

மருதையன் மனைவியைப் பார்த்தான். அவள் மகளை இறுக்கிக்கொண்டாள். கண்ணை எடுக்க மருதையன் தலையசைத்தான்.

எடுத்த கண்ணை அறுத்துச் சோதித்துப் பார்த்தபின் அகிலாண்டம் அவர்களை மறுபடி அழைத்தார். அம்சத்தை வார்டில் விட்டுவிட்டு வந்தார்கள்.

“கட்டி இல்ல,” என்றார் மருத்துவர். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டார். “உசுருக்குப் பயமில்ல. ஆனா அந்தக் கண்ணு எங்களாலயும் திரும்பியிருக்காது. உள்ள இருந்தது புழு. நாய்ப்புழு.”

“நாய்ப்புழுவா?” என்றான் மருதையன். “நாய்க்கு வர்றது மனுசனுக்கு எப்படிங்க?”

“நாயோட குடல்ல உருண்டைப்புழு இருக்கும். குட்டிங்களுக்குத் தாய் வயித்துக்குள்ளேயே வந்துடும். குட்டி கழியறதுல கண்ணுக்குத் தெரியாத முட்டை கோடி கோடியா மண்ணுல விழும். நெழலும் ஈரமும் இருந்தா சில வாரத்துல முத்திப்போவும். அந்த மண்ணு வாய்க்குள்ள போனா வயித்துல பொரிஞ்சிடும். மனுச ஒடம்பு அதுக்கு ஊர் இல்ல. பெரிய புழுவா வளரவும் முடியாது, வெளிய போவவும் வழி தெரியாது. ஈரல், நெஞ்சு, மூளைன்னு சுத்தும். இவளுக்குக் கண்ணுக்குப் போயிருக்கு.” மருதையனைப் பார்த்துக் கேட்டார்: “வீட்டுல நாய் இருக்கா?”

“இருக்குதுங்க.”

“கொழந்த மண்ணு திங்குமா?”

கண்ணாத்தாள்தான் விடை சொன்னாள். “அதாத் திங்காது டாக்டரம்மா. நாந்தான் குடுப்பேன்.”

மருத்துவருக்கு விளங்கவில்லை. மருதையன் விளக்கினான். மூலையையும் செவலையையும் வெள்ளிக்கிழமையையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கண்ணாத்தாள் தன் வலக் கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முந்தானையில் துடைத்தாள். பிறகும் துடைத்தாள். வீடு திரும்பும் பஸ்ஸிலும் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் இருவரையும் எச்சரித்து அனுப்பியிருந்தார். தவழப்போகும் பிள்ளை தரையிலே கிடக்கும், கையை வாயிலே வைக்கும். அந்த மண்ணில் அவனை விடாதீர்கள். இயன்றால் சில வருஷமாவது வேறு இடம் போய்விடுங்கள். கூடவே ஒரு சோதனையும் கற்றுக்கொடுத்தார்: ஒரு கண்ணைப் பொத்திக் கையில் ஒன்றைக் காட்டுங்கள், பார்வையுள்ள கண்ணைப் பொத்தினால்தான் பிள்ளை அழும்; பார்வை போன கண்ணைப் பொத்தினால் அதற்குத் தெரியாது.

“அம்மா, எங்கண்ணுக்கு என்னாச்சு?” என்று அம்சம் பஸ்ஸிலே கேட்டாள். கட்டுப்போட்ட பக்கத்தைத் தாயின் தோளில் சாய்த்திருந்தாள்.

“பூச்சி விழுந்துடுச்சுடி.”

“எந்தப் பூச்சி?”

“பறக்கற பூச்சி,” என்றாள் கண்ணாத்தாள். நாவில் மண்ணை வைத்த கை எது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல அவளால் இயலவில்லை. அப்பொழுதும் இயலவில்லை, பின்னர் நாள் செல்லச் செல்ல அது மேலும் அரிதாயிற்று.

மருதையன் செவலையைக் கயிற்றில் கட்டி ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திச் சென்றான். கிடாரியோடும் எருதோடும் காத்திருந்தவர்களுக்கு அது வேடிக்கையாயிற்று.

“என்னப்பா, இந்த வருஷம் ஏர்ல இதையா பூட்டப்போற?”

“பால் கறக்குதாப்பா? எத்தன படி?”

மருதையன் சிரிக்கவில்லை. கால்நடை மருத்துவர் யூனுஸ் அவன் சொன்னதைக் கேட்டதும், சிரித்துக்கொண்டிருந்தவர்களை வாயை மூடச் சொன்னார். செவலையின் வாயைப் பிளந்து மருந்தை ஊற்றினார்.

“குடல்ல இருக்கிறது விழுந்துடும். சதைக்குள்ள தூங்கிக் கெடக்கிறது விழாது. அடுத்த ஈத்துல அது குட்டிக்குப் போவும். குட்டி போட்டதும் குட்டிங்களக் கூட்டியா, மருந்து ஊத்தறேன். தெருவுல குடுத்த குட்டியையும் கூட்டியா.”

“வருவாங்களான்னு தெரியலீங்க. அந்த மண்ணுக்கு ஒரு மருந்து குடுங்க.”

“மண்ணுக்கு மருந்து இல்லப்பா. அந்த முட்டைக்கு ஓடு கெட்டி. சுண்ணாம்புக்கும் சாவாது, பினாயிலுக்கும் சாவாது. நெழல்ல வருஷக்கணக்கா கெடக்கும். மேல்மண்ண வெட்டி ஆழமாப் பொதைச்சிடு. ஆனா வாசல், கொல்லை, தெருன்னு எங்கெங்க அந்தக் குட்டிங்க ஓடிச்சோ அங்கெல்லாம் இருக்கும். தெருவையா வெட்டுவ? முடிஞ்சா எடத்த மாத்து.”

இடத்தை மாற்று. தஞ்சாவூரிலும் அதே சொல், ஒரத்தநாட்டிலும் அதே சொல்.

மூன்றாவதாக அச்சொல்லைச் சொன்னவர் வைத்தியலிங்கத்தின் காரியக்காரர் துரைராசு. ஆஸ்பத்திரிச் செய்தி அவர் காதுக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“கேள்விப்பட்டேன் மருதையா, மனசு கேக்கல. பச்சப்புள்ள கண்ணு! பெரியவரு ரொம்ப வருத்தப்பட்டாரு. ‘இந்த மேடு நோய் புடிச்ச மேடு, அவனுக்கு ஆத்தோரத்துல நல்ல எடமாக் குடு’ன்னு சொல்லிட்டாரு. கூரைக்கு ஓலையும் அவரே தர்றாரு. எல்லாரும் வரணும்னு இல்ல, நீ மட்டும் வந்தாப் போதும்.”

“யோசிச்சுச் சொல்றேங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இன்னொண்ணு தவழ ஆரம்பிச்சிடுச்சே.”

குடை வரப்பில் மறைந்ததும் சங்கத்தின் தெருச் செயலாளன் கண்ணுசாமி வந்தான். மருதையனின் ஒன்றுவிட்ட அண்ணன் அவன்.

“என்னடா சொன்னான் காரியக்காரன்?”

“எடத்த மாத்தச் சொல்றான். டாக்டரும் அதத்தாண்ணே சொல்றாங்க.”

“டாக்டர் சொல்றது புள்ளைக்காவ. இவன் சொல்றது எதுக்காவன்னு ஒனக்குத் தெரியாதா? தலைக்குடிசை காலின்னா தாசில்தார்கிட்ட என்ன சொல்லுவான்? ‘பாருங்க, ஆளே இல்ல, மாடு கட்டுற கொட்டாய்’ம்பான். ஒண்ணு போனா வரிசையாப் போவும்டா.”

“எம்புள்ளைக்கு ஒரு கண்ணு போயிடுச்சுண்ணே.”

கண்ணுசாமி அவன் தோளைப் பற்றினான். “தாசில்தார் வந்துட்டுப் போவட்டும். அப்பறம் நீ எங்க வேணாலும் போ, நானே கூரையச் சுமக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் புழுக் கதைய வெளிய சொல்லாத. தெருவே நம்பல. மிராசு கெளப்பிவிட்ட புரளின்னு பேசிக்கிறாங்க. குட்டி வாங்குன வீட்டுல எல்லாம் ஒம்மேல கோவம்.”

மெய்யும் சூழ்ச்சியும் ஒரே சொல்லை உடுத்திக்கொண்டு வந்தால், எளியவன் எதைக் கண்டு எதை விலக்குவான்? மருதையன் மனைவியிடம் கேட்டான். அவள் தூளியில் கிடந்த ரெத்தினத்தைப் பார்த்தாள்; கூரையைப் பார்த்தாள். அவள் பிறந்தது முதல் பிரித்துச் சுமந்த கூரைகள் எத்தனையோ.

“போனா இவனும் ஒரு நாள் கூரையத் தூக்கிக்கிட்டுத் திரிவாங்க. இருக்கலாம். இவன மண்ணுல எறக்காம வளத்துடுறேன்.”

மருதையன் மூலையை ஒரு முழம் வெட்டிக் கொல்லையில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தான். மஞ்சளும் குங்குமமும் படிந்த மேல்மண்ணுக்கு வந்தபோது கண்ணாத்தாள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளக்கு வச்ச மண்ணுங்க. அதக் குழியில போடாதீங்க.”

“இன்னுமாடி அதச் சாமிங்கிற?”

“சாமி மேல பழி போடாதீங்க. அந்த நாய் நிக்கலன்னா நாம இன்னிக்கி இங்க இல்ல. குடுத்தது நான். அவரு கேக்கல.” மண்வெட்டியை அவள் விடவில்லை. “ஆத்துல விட்டுடறேன். தண்ணி வரட்டும்.”

வெண்ணாறு அப்போது மணலாகக் கிடந்தது. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிப் புதுப்புனல் வர ஆடியாகலாம். குளத்தில் கரைக்கலாம் என்றால் தெருவே குடிக்கும் நீர் அது. வயலில் வீசலாம் என்றால் நடுகிறவர்களின் கையில் ஒட்டும். அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. மேல்மண்ணை ஒரு கலயத்தில் இட்டுத் துணியால் வேடு கட்டி, கூரைவிட்டத்திலிருந்து தொங்கிய உறியில் ஏற்றினாள். தூளி தொங்கியதும் அதே விட்டத்தில்தான்.

தவழும் பிள்ளையை மண்ணில் விடாமல் வளர்ப்பது எத்தகைய தவம் என்பதை அந்தக் கோடை அவர்களுக்குக் கற்பித்தது. ரெத்தினம் தூளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று தரையைப் பார்த்து அழுதான். தரை அவனுக்குத் திருவிழாவாகத் தோன்றியது. கோழி போனால் அழுதான், செவலை போனால் அழுதான். கண்ணாத்தாள் உளுந்து பறிக்கப் போகும் நாளில் தூளியாட்டும் வேலை அம்சத்தினுடையது.

“தம்பிய எறக்கக் கூடாது. என்ன அழுதாலும் எறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?”

“ஏன்?”

“எறக்காதன்னா எறக்காத.”

அம்சம் இறக்கவில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை அவள். ஒற்றைக் கண்ணால் தம்பியைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டிப் பாடினாள். தூளிக் கயிற்றில் தும்பைப்பூ செருகினாள். கண்ணாத்தாள் திரும்பி வந்ததும் பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் யாவும் பார்ப்பாள். தூய்மையாக இருக்கும். இப்போது விளக்கு ஏற்றாத அம்மூலையை நோக்கி, வாய்திறவாமல் கைகுவிப்பாள்.

வைகாசி நடுவில் தாசில்தார் வந்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உடன் கர்ணமும் தலையாரியும், நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க இருவரும் வந்தார்கள். துரைராசு குடையோடு முன்னமே வந்து நின்றார். தெரு முழுவதும் வேலைக்குப் போகாமல் திரண்டிருந்தது. கண்ணுசாமி சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

“சார், இது பண்ணைக் கொட்டாய்,” என்றார் துரைராசு. “போன வருஷம் வரைக்கும் மாடு கட்டுனது. சட்டம் வரும்னு தெரிஞ்சு அவசரமா வந்து ஒட்டிக்கிட்டவங்க.”

“பொய்யுங்க,” என்றான் மருதையன். “எம்மவ இங்கதாங்க பொறந்தா.”

“எல்லாரும் அப்படித்தாம்பா சொல்றீங்க,” என்றார் தாசில்தார். காலையிலிருந்து பல ஊர்களில் இதே சொற்களைக் கேட்டுக் களைத்தவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். தூளியருகில் அம்சம் நின்றாள். குழிந்த இமை மூடிய பக்கத்தைக் கண்டு அவருடைய குரல் இளகியது. “வா பாப்பா. இது யாரு வீடு?”

“எங்க வீடு.”

“உங்க வீடுன்னு யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லிக்குடுக்கல. நாங்க மண்ணு தின்னுருக்கோம்ல?”

தாசில்தார் புருவத்தை உயர்த்தினார். கர்ணம் சிரித்துக்கொண்டே வழக்கத்தை விளக்கினார்: “மண் காட்டறதுன்னு இவங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்குங்க. குடியேறுன மனை மண்ண நாக்குல வைப்பாங்க. மத்த எடத்து மண்ண வைக்க மாட்டாங்க.”

“நீ தின்னியா?”

“நானும் தின்னேன், தம்பியும் தின்னுச்சு,” என்றாள் அம்சம். எல்லோரும் தன்னையே பார்ப்பதில் அவளுக்குப் பெருமை பிறந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து அம்மா குடுக்க மறந்துடுச்சு. எடம் எப்படி ஒட்டும்? அதான் நாந்தான் தம்பிக்குக் குடுக்குறேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. ஒரல் மேல ஏறி, உறியிலேருந்து எடுத்து. தம்பிய எறக்கவே மாட்டேன். தூளியிலேயே வச்சிக் குடுத்துடுவேன்.”

கூட்டம் சிரித்தது. தாசில்தாரும் சிரித்துவிட்டார். துரைராசுவின் பக்கம் திரும்பி, “இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும் உங்களுக்கு?” என்றார். கர்ணம் எழுதிக்கொண்டார். சங்கிலி தரையில் ஓடியது. தலைக்குடிசையில் தொடங்கிய அளவை தெருக்கோடிவரை தடையின்றிச் சென்றது. கண்ணுசாமி துண்டை உதறித் தலைக்குமேல் சுழற்றினான். பெண்கள் குலவையிட்டார்கள்.

கண்ணாத்தாள் உறியைப் பார்த்தாள். கலயத்தின் வேடு ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. முடிச்சு மட்டும் அவள் போட்ட முடிச்சு அன்று. சிறிய கைகள் போட்ட முடிச்சு. மருதையன் தூளியிலிருந்து மகனை எடுத்து, வாயைத் திறந்து, ஈறு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பல்லின் பின்னால் விரலை விட்டுத் தடவினான். அங்கே என்ன இருக்கும்? பிள்ளை தந்தையின் விரலைக் கடித்துச் சிரித்தது.

யாரோ வந்து மருதையனுக்கு மாலை போட்டார்கள்.

தஞ்சாவூரில் அகிலாண்டம் பிள்ளையின் கண்களைப் பார்த்தார். “இன்னிக்கி ரெண்டும் தெளிவா இருக்கு,” என்றார். மாத்திரை எழுதினார். “வயித்துல இருக்கிறதுக்கு மருந்து குடுக்கலாம். ஒடம்புக்குள்ள கெளம்பிப் போனது எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் ஆகாமலே போவலாம். மாசம் கழிச்சும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம். நான் சொல்லிக்குடுத்தத விடாமப் பண்ணிப் பாத்துக்கிட்டு வாங்க.”

“எடத்த மாத்திடறோங்க,” என்றான் மருதையன். இப்போது மாற்றலாம். பட்டா கைக்கு வரப்போகிறது. கண்ணுசாமி கூரையைச் சுமக்கவும் ஆயத்தமாக இருந்தான். ஆனால் குடியிருந்து பெற்ற மனை அது ஒன்றுதான். வேறெங்கே சென்றாலும் அது மற்றொருவர் மேடு. மருத்துவர் இதை அறியாதவர் அல்லர். தலையை மட்டும் அசைத்தார்.

அதன்பின் நாள்தோறும் பொழுது சாயும் முன் கண்ணாத்தாள் மகனை வாசலில் மடியிருத்தி, முகத்தை வெயிலின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பொத்தி வளையலைக் காட்டினாள். மறு கண்ணைப் பொத்திக் காட்டினாள். இரு முறையும் பிள்ளை சிணுங்கிக் கையைத் தள்ளியது. அழுகை கேட்டு மகிழ்ந்த தாய் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். செவலை அருகில் படுத்து வாலை ஆட்டியது. மறுபடியும் அது சினையாக இருந்தது.

ஆடியில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகும் சுழித்து, செம்மண் நிறத்தில், கரையை நக்கிக்கொண்டு வெண்ணாறு ஓடியது. பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் படித்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்தார்கள். பட்டாவின் முதல் பெருக்கு என்று தெருவே வந்திருந்தது. கண்ணாத்தாள் கூட்டத்தைவிட்டு விலகி, கீழ்ப்படியில் இறங்கினாள். இடுப்பில் ரெத்தினம், கையில் கலயம், பின்னால் அம்சம்.

வேடு கட்டிய துணியை அவிழ்த்துக் கலயத்தைக் கவிழ்த்தாள். மண் ஒரு கணம் கருத்துப் பரவி, ஆற்றின் நிறமாயிற்று. வெறுங்கலயத்தையும் விட்டாள். அது சுழன்று, வாய்வழி நீர் புகுந்து மூழ்கியது.

பிள்ளை நீரைக் கண்டு துள்ளியது. வெளிச்சம் நன்றாக இருந்தது. கண்ணாத்தாள் படியில் அமர்ந்து, பழக்கத்தால், மகனின் இடக் கண்ணைப் பொத்தினாள். “அந்த வளையலக் காட்டுடி.”

அம்சம் வளையலை ஆட்டினாள். ரெத்தினம் வீரிட்டு, தாயின் கையைப் பிறாண்டினான்.

கண்ணாத்தாள் வலக் கண்ணைப் பொத்தினாள். அவன் அழவில்லை. சிணுங்கவும் இல்லை. கை ஒன்று தன் முகத்தில் இருப்பதையே அறியாதவனாய், வளையலுக்குக் கையை நீட்டிச் சிரித்தான்.

முந்தாநாள்கூடத் தள்ளினான். நேற்றுத் தள்ளினானா? அவளுக்கு நினைவு தடுமாறியது. இடக் கண்ணை மறுபடி பொத்தினாள். அழுதான். வலக் கண்ணைப் பொத்தினாள். சிரித்தான். முகத்தை ஆற்றின் ஒளிக்குத் திருப்பி, வலக் கருமணிக்குள் குனிந்து பார்த்தாள். இன்னும் கறுப்பாகவே இருந்தது. எவ்வளவு காலம் அப்படி இருக்கும்?

“அவனுக்கு வெளையாட்டுப் புடிக்கல, விடும்மா,” என்றாள் அம்சம். தாயின் முகத்தைப் பார்த்ததும் வளையலை ஆட்டுவதை நிறுத்தினாள். பிள்ளைகளுக்குச் சில வேளைகளில் எல்லாம் விளங்கிவிடுகிறது. ஆற்றைப் பார்த்தாள், கலயம் மூழ்கிய இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் மூடிய இமையைத் தொட்டாள்.

“அம்மா, பறக்கற பூச்சியில்லதானே?”

“இல்லடி.”

“மண்ணா?”

“மண்ணுதான். எங்கையாலதான் குடுத்தேன்.”

அம்சம் தன் கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பாவாடையில் துடைத்தாள். பிறகும் துடைத்தாள்.

“அப்ப தம்பிக்கு நான்.”

கண்ணாத்தாள் அவளுடைய கையைப் பற்றித் தன் கையோடு சேர்த்து நீருக்குள் அழுத்தினாள். மேல்படியில் பெண்கள் குலவையிட்டார்கள். ரெத்தினம் ஓடும் நீரின்மேல் குனிந்து, கையால் அள்ளி, வாய்க்குக் கொண்டுபோனான்.